மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு பார்த்திருக்கிறோம்: வெள்ளம் வருமா, வந்தால் இன்சூரன்ஸ் கொடுக்குமா?

புதுவீடு_தேடி | அக்டோபர் 4, காலை 9.12

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு தனி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். 1,050 சதுர அடி, தரைத்தளம் மட்டும், கட்டி இருபது வருடம் இருக்கும். அக்கம்பக்கத்து விலையை விடக் கொஞ்சம் குறைவாகச் சொல்கிறார்கள், அதுதான் உறுத்துகிறது. "மிக்ஜாம் புயலுக்குத் தெருவில்தான் தண்ணீர் நின்றது, வாசப்படி ஏறவே இல்லை" என்கிறார் வீட்டுக்காரர். தரகரும் அதையேதான் சொல்கிறார், அதே வார்த்தைகளில்.

கேள்வி இரண்டு. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்று வாங்குவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டுக்கடன் வாங்கினால் வங்கியே இன்சூரன்ஸ் போட்டுவிடும் என்கிறார்களே, அது வெள்ளத்துக்குப் போதுமா? அட்வான்ஸ் கொடுக்கப் பத்து நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன். தற்போது நங்கநல்லூரில் வாடகைக்கு இருக்கிறோம், அதுவும் தரைத்தளம்தான்.

ஏரிக்கரை_வாசி | அக்டோபர் 4, காலை 9.40

மடிப்பாக்கம் என்று மொத்தமாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது தம்பி. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் முதல் ஐந்து வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கடைசி ஐந்து வீட்டில் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. அந்த இட்லியை வாங்கித்தான் நாங்கள் சாப்பிட்டோம். ஒரே தெரு, ஒரே பின்கோடு.

ஓய்வு_சிவில் | அக்டோபர் 4, மதியம் 12.25

மேலே சொன்னது ரொம்பச் சரி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். முடிச்சூர், வரதராஜபுரம், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் பக்கமெல்லாம் அடையாறு கரை மீறி வரும் தண்ணீர். 2015-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது, செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை திறந்தார்கள். அது வேகமாக வரும், வேகமாக வடியும்.

உங்கள் பக்கம் கதை வேறு. தெற்குப் புறநகரின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி நீர், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளையும் சேர்த்து, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான் போக வேண்டும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். இத்தனை ஏரிக்கும் வாசல் ஏறக்குறைய ஒன்றுதான். சதுப்பு நிலமும் பழைய அளவில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது. புயல் நேரத்தில் கடல் மட்டம் ஏறி நின்றால் கடல் வாங்காது, வாங்காத தண்ணீர் படிப்படியாகப் பின்னால் தேங்கும். மிக்ஜாம் சமயத்தில் மழை விட்ட பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணையில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது இதனால்தான். இப்படி வரும் தண்ணீர் ஓசையில்லாமல் ஏறும். பாதி வீடுகளில் வாசல் வழியாகக்கூட வராது, குளியலறை சாக்கடை ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று வரும்.

ஆகவே "ஏரி எவ்வளவு தூரம்" என்பதை விட, உங்கள் ஹால் தரை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் வேண்டாம். கொத்தனார் வைத்திருப்பாரே, தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய், அது போதும். ஹால் தரைக்கும் வாசல் ரோட்டுக்கும் எத்தனை அங்குலம் வித்தியாசம், வாசல் ரோட்டுக்கும் தெரு முனைக்கும் எத்தனை அங்குலம் என்று பார்த்துவிடுங்கள். இரண்டாவதை யாருமே பார்ப்பதில்லை. தெரு முனை உயர்ந்து உங்கள் வீடு நடுவில் இருந்தால் அது கிண்ணம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டுப் போட்டு, மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று ஒரு படி இறங்கிப் போகும் வீடுகளாகிவிட்டன.

அடுத்தது காகிதம். சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான 'அ' பதிவேட்டைப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கும். நஞ்சை என்றிருந்தால் அந்த நிலத்துக்கு ஒரு காலத்தில் ஏரிப் பாசனம் இருந்தது, வாய்க்காலும் இருந்தது. அந்த வாய்க்கால் எங்கே போனது என்று புல வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்து சர்வே எண் வாய்க்கால் புறம்போக்காக இருந்து, நேரில் போனால் அங்கே கல்யாண மண்டபம் நின்றால், பதில் கிடைத்துவிட்டது. மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது பொதுப்பணித் துறையிடம் வெள்ளநீர் தடையின்மைச் சான்று வாங்கியிருப்பார்கள். அதில் மனையை எந்த மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்த வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, அதன்படி உயர்த்தினார்களா என்று பாருங்கள். கூகுள் எர்த்தைக் கணினியில் திறந்து காலத்தைப் பின்னால் தள்ளினால் இருபது வருடத்துக்கு முந்தைய படமும் தெரியும்.

ஊர்ப் பெயர்களும் பேசும். தாங்கல், ஏந்தல், மடுவு, ஏரி ஸ்கீம், கலங்கல் தெரு, எல்லாம் தண்ணீர் சம்பந்தப்பட்ட பெயர்கள். பெயர் வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை, நாம்தான் படிக்கவில்லை.

ராதா_முடிச்சூர் | அக்டோபர் 4, மதியம் 3.02

சிவில் சார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் போனதும் சமையலறை அலமாரியின் கீழ்க் கதவுகளைத் திறந்து உள்பக்கம் தடவிப் பாருங்கள். பிளைவுட் ஒருமுறை ஊறினால் ஓரம் உப்பும், பெயின்ட் அடித்தாலும் விரலுக்குத் தெரியும். கீழே மட்டும் புதுக் கதவு, மேலே பழைய கதவு என்றால் ஏன் என்று கேளுங்கள். ஈபி மீட்டர் தோளுக்கு மேலே ஏற்றி மாட்டியிருக்கிறதா, பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருக்கிறதா, கேட்டுக்கு அடியில் சிமென்ட் தடுப்புக் கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். பக்கத்து வீடுகளையும் பாருங்கள். ஒரு தெருவில் நாலு வீடு ஜாக்கி வைத்துத் தூக்கப்பட்டிருந்தால் அந்தத் தெருவுக்கு வேறு சான்றிதழ் வேண்டாம்.

அப்புறம் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை.

இன்சூரன்ஸ் விஷயத்தில் என் அனுபவம். 2015-ல் எங்கள் வீட்டுக்குள் ஐந்தடித் தண்ணீர். வங்கிக் கடனோடு ஒரு பாலிசி இருந்தது, எட்டு வருடமாகப் பணம் போய்க்கொண்டிருந்தது, ஒருநாளும் பிரித்துப் படித்ததில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் படித்தோம். கட்டடத்துக்கு மட்டும் காப்பீடு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், மெத்தை, பையனின் கம்ப்யூட்டர், என் அம்மா கொடுத்த தேக்கு பீரோ, எதற்கும் ஒரு பைசா கிடையாது. கட்டடத்துக்கு வந்த தொகையும் எங்கள் கைக்கு வரவில்லை, கடன் கணக்கில் வரவாகிவிட்டது. பாலிசியிலேயே அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதாம். சுவர் பூச நகையை அடகு வைத்தோம். அரசாங்கம் கொடுத்த 5,000 ரூபாயில் வீட்டிலிருந்து சேறு அள்ளிய ஆட்களுக்குக் கூலி கொடுத்தோம், சரியாகப் போயிற்று.

வெறுத்துப்போனவன் | அக்டோபர் 4, மாலை 6.48

இதுதான் நான் சொல்வதும். இன்சூரன்ஸ் எல்லாம் வசூல் செய்யும்போது சிரிப்பு, கொடுக்கும்போது சிடுசிடுப்பு. மிக்ஜாமில் என் கார் மூழ்கியது. கிளெய்ம் போட்டால் எஞ்சினுக்குப் பணம் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பிரீமியத்தை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டிருந்தால் இந்நேரம் கையில் காசு இருக்கும்.

பாலிசி_படிப்பவன் | அக்டோபர் 4, இரவு 9.15

பதினான்கு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன், யாருக்கும் பாலிசி விற்பவன் இல்லை. வெறுத்துப்போனவன் சார், தண்ணீர் வடிந்ததும் காரை ஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?

வெறுத்துப்போனவன் | அக்டோபர் 4, இரவு 9.31

ஆமாம், ஓடுகிறதா என்று பார்க்க வேண்டாமா?

பாலிசி_படிப்பவன் | அக்டோபர் 4, இரவு 10.20

அங்கேதான் போச்சு சார். சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருகினால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சினுக்கென்று தனியாகக் கூடுதல் கவர் இருக்கிறது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதை எடுக்க வேண்டும். தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் வெள்ளத்துக்கு எதுவுமே கிடையாது. முழங்கால் தண்ணீரில் நின்ற வண்டியைத் தொடாமல் இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள். உங்கள் கோபம் புரிகிறது, ஆனால் வீட்டுப் பாலிசியை இதோடு குழப்ப வேண்டாம்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் வெள்ளத்துக்கென்று தனி பாலிசி தேட வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியைக் கொடுக்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிவிட்டது. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நீர் சூழ்தல் எல்லாம் அதிலேயே உண்டு. ஷரத்துகள் எங்கே வாங்கினாலும் ஒன்றுதான், பிரீமியமும் சேவையும்தான் மாறும்.

கணக்கை உங்கள் வீட்டை வைத்தே போடுகிறேன். நிலத்தின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது. நிலம் வெள்ளத்தில் கரைந்து போகாது. நீங்கள் சொன்ன 1,050-ல் சுவர் போக உள்ளளவு 900 சதுர அடி, இன்றைக்கு அதே வீட்டைக் கட்ட அடிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதுதான் கட்டடக் காப்பீட்டுத் தொகை. கட்டடத்தோடு வீட்டுப் பொருள்களுக்கும் சேர்த்து எடுத்தால், பட்டியல் எதுவும் கொடுக்காமலே கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, பொருள்களுக்குக் கவர் வரும். உங்களுக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். அதற்கு மேல் பொருள் இருந்தால் பட்டியல் போட்டுத் தொகையைக் கூட்டிக்கொள்ளலாம். ராதா மேடம் இழந்தது இந்தப் பகுதியைத்தான். வங்கியில் கொடுக்கும் காகிதத்தில் 'பொருள்கள்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பல சமயம் வங்கியில் 'இன்சூரன்ஸ்' என்று போட்டுக் கொடுப்பது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடாக இருக்கும். அதில் வீடு என்ற பேச்சே இருக்காது.

பழைய பாலிசிகளில் இன்னொரு கண்ணி இருந்தது. 20 லட்சம் பெறுமான வீட்டை 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். இந்தப் பாலிசியில் அந்தக் கழிவு இல்லை. சுற்றுச்சுவர், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை எல்லாம் கட்டடத்தில் சேர்ந்தவை. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் வழி உண்டு. வெள்ளம் வந்து நீங்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது, அதையே காரணமாக வைத்து ஏழு நாளுக்குள் திருடு போனாலும் கவர் ஆகும். இது பல ஏஜென்ட்களுக்கே தெரியாது.

வராதவை: ரொக்கம், பத்திரங்கள், சான்றிதழ்கள், வாகனம். நகைக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். வருடக்கணக்கில் ஏறும் சுவர் ஓதத்தை வெள்ளம் என்று சொல்லி வாங்க முடியாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் சுவரைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ராதா_முடிச்சூர் | அக்டோபர் 5, காலை 7.30

ஏழு நாள் திருட்டு விஷயம் இன்றைக்குத்தான் தெரியும். எங்கள் தெருவில் தண்ணீர் இருக்கும்போதே சிலிண்டர் திருடியவர்கள் உண்டு, மிதந்து வந்தது என்றார்கள்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நான் செய்வது: வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்வோம் அல்லவா, அன்றைக்கே போனில் ஒவ்வொரு அறையாக வீடியோ எடுத்து எனக்கே மெயில் அனுப்பிவிடுவேன். ஃபிரிட்ஜ், ஏசி பின்னால் ஒட்டியிருக்கும் எண் தெரிகிற மாதிரி. பில்லையும் படம் எடுத்துவிடுவேன். 2015-ல் பில் ஃபைல் கீழ்த் தட்டில் இருந்தது.

பாலிசி_படிப்பவன் | அக்டோபர் 5, காலை 8.05

இதை நான் எழுத மறந்துவிட்டேன் மேடம், நன்றி. தண்ணீர் வடிந்ததும் நம் ஆட்கள் செய்யும் முதல் வேலை கழுவிவிடுவது. பொறுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி, பக்கத்தில் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள். நிறுவனத்துக்குத் தகவல் சொல்லி கிளெய்ம் எண் வாங்குங்கள். நாறும் மெத்தையை வைத்திருக்க முடியாதுதான், ஆனால் படம் எடுக்காமல் குப்பை வண்டியில் ஏற்றாதீர்கள். நிராகரித்தாலோ குறைத்தாலோ முதலில் நிறுவனத்துக்கே எழுத்துமூலம் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான தகராறுகளைக் கேட்பார்கள்.

காயல்_நண்பன் | அக்டோபர் 5, காலை 11.17

சென்னைக்காரர்கள் பேச்சில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பர் 17, 18-ல் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ஒரு வருடத்து மழை ஒரு நாளில். எங்கள் வீடு தாழ்வும் இல்லை, பக்கத்தில் ஏரியும் இல்லை. மட்டக் குழாய் வைத்துப் பார்த்திருந்தாலும் பாஸாகியிருக்கும். ஆகவே மட்டம் நன்றாக இருக்கிறது, பாலிசி வேண்டாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். தாழ்வான வீட்டுக்காரர் பயந்து எடுத்துவிடுவார், எங்களைப் போன்றவர்கள்தான் கையை விட்டுவிட்டோம்.

ஓய்வு_சிவில் | அக்டோபர் 5, மதியம் 1.40

காயல் நண்பர் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். குழாய், எந்த வீடு முதலில் மூழ்கும் என்பதைச் சொல்லும், எவ்வளவு பெய்யும் என்பதைச் சொல்லாது.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் வரும் வீட்டுக்குப் பாலிசி எடுத்துக்கொண்டு வாழ முடியாது. பணம் வரும், ஆனால் மாமியாரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போவதற்கு யார் ஈடு கொடுப்பது? அந்த வீட்டை வாங்காமல் இருப்பதே லாபம். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் சாக்கடைக் குழாயில் தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள், சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியை ஓரடி உயர்த்திக் கட்டுங்கள். சாக்கடை கலந்த சம்பைக் கழுவுவதுதான் வெள்ளத்துக்குப் பிறகு மிகப் பெரிய வேலை.

மூணாவது_மாடி | அக்டோபர் 5, மாலை 5.55

நான் பெரும்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் மூன்றாவது தளம். எனக்கு இதெல்லாம் தேவையா?

ஏரிக்கரை_வாசி | அக்டோபர் 5, மாலை 6.10

லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், ஈபி பேனல், தண்ணீர் மோட்டார், உங்கள் கார், எல்லாம் எந்த மாடியில் இருக்கிறது?

மூணாவது_மாடி | அக்டோபர் 5, மாலை 6.12

ஐயோ.

பாலிசி_படிப்பவன் | அக்டோபர் 5, இரவு 8.44

சங்கத்தின் பெயரில் கட்டடம் முழுவதற்கும் பொதுச் சாதனங்களுக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவில் பேசினால் "போன வருடம் வரவில்லையே" என்று இரண்டு பேராவது எழுந்து நிற்பார்கள், தயாராகப் போங்கள். உங்கள் வீட்டுப் பொருள்களுக்கு நீங்கள் தனியாக எடுக்க வேண்டும்.

புதுவீடு_தேடி, உங்களுக்கும் ஒன்று. வாடகை வீட்டில் இருப்பவரும் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். அக்டோபர் பிறந்துவிட்டது, தாழ்வு மண்டலம் உருவான பிறகு ஏஜென்டுக்குப் போன் செய்தால் அவர் எடுக்க மாட்டார்.

புதுவீடு_தேடி | அக்டோபர் 12, இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

சனிக்கிழமை மச்சானும் நானும் முப்பதடி மட்டக் குழாய் ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். வீட்டுக்காரருக்கு முகம் மாறியது, ஆனால் தடுக்கவில்லை. ஹால் தரை, வாசல் ரோட்டை விட 9 அங்குலம் உயரம். சந்தோஷப்பட்டோம். அப்புறம் சிவில் சார் சொன்னபடி தெருமுனைக்குக் குழாயைத் தூக்கிக்கொண்டு நாலைந்து முறை வைத்து வைத்துப் போனோம். தெருமுனை, வாசல் ரோட்டை விட 14 அங்குலம் உயரம். மறுமுனையும் கிட்டத்தட்ட அதே. ஆக, தண்ணீர் தெருவைத் தாண்டி வெளியேறுவதற்கு முன்னால் ஹாலில் 5 அங்குலம் நிற்கும். கிண்ணமேதான்.

சமையலறைக் கீழ்க் கதவுகள் புத்தம்புது பிவிசி. மேலே இருந்தவை பழைய பிளைவுட். ராதா அக்காவை நினைத்துக்கொண்டேன். இஸ்திரி அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தோம். "2015-ல அந்த வீட்டுப் பாட்டியப் படகுல ஏத்துனதே நான்தான்" என்றார்.

திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "தம்பி, அது 2015. நீங்க மிக்ஜாமப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றார். உண்மைதான், நான் அதைப் பற்றி மட்டும்தான் கேட்டிருந்தேன்.

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வாடகை வீட்டுக்குப் பொருள்கள் பாலிசி மட்டும் நேற்று எடுத்துவிட்டேன், பிரீமியம் நான் பயந்த அளவுக்கு இல்லை. அடுத்த ஞாயிறு கீழ்க்கட்டளையில் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். குழாய் டிக்கியிலேயே இருக்கிறது.

ஓய்வு_சிவில் | அக்டோபர் 12, இரவு 10.15

குழாயில் காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குமிழ் இருந்தால் அளவு தப்பாகக் காட்டும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் வெயிலில் கோடு நன்றாகத் தெரியும்.